சீனியம்மா குடம்

அன்று காலை அச்சகத்தில் தினசரி காலண்டர் தாள்களுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். சீசன் நேரம். சிவகாசியில் அந்த மாதங்களில் பிழை பார்க்கிறவனுக்கு மூக்கைச் சொறியக்கூட ஓய்வு இருக்காது. நல்ல நேரமும் இராகு காலமும் எமகண்டமும் கண்ணுக்குள் கட்டம் கட்டமாக ஓடிக்கொண்டிருக்கும்போது கைபேசி அடித்தது. மாரிச்செல்வி. வேலை நேரத்தில் கூப்பிடுகிற பெண் இல்லை அவள்.

"மாமா, அம்மா போயிட்டாக" என்றாள்.

"எங்கன போயிருக்காக?" என்று கேட்டுவிட்டேன். அவளுடைய அம்மா எப்போதும் எங்காவது போய்க்கொண்டே இருப்பவர். இன்றைக்கு ஒரு கிராமம், நாளைக்கு ஒரு கோயில் திருவிழா, அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி. மறுமுனையில் அவள் விசும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

தண்ணீர் வருகிற நாள் அது. குழாயடியில் வரிசை போட்டுக் காத்திருந்திருக்கிறார். நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லி, குடத்தின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் தாங்கிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்குக் குழாயில் தண்ணீரும் வரவில்லை.

மாரிச்செல்வியின் அம்மா சீனியம்மாள் அக்காவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாரணாபுரம் போகும் சாலையில் ஒரு காம்பவுண்டில் அடுத்தடுத்த வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். நான் விருதுநகரிலிருந்து அச்சக வேலைக்கு வந்த புதிது. அக்கா பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். அவருடைய கணவர் ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல் லாரியில் ஓடியவர், மகள் சிறு பிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அம்மாவும் மகளும்தான் குடும்பம். விடிவதற்குள் சமைத்து, மகளுக்கு இரட்டைச் சடை போட்டு, கம்பெனி வேன் ஆரன் அடித்ததும் தூக்குச்சட்டியோடு ஓடுகிற அக்காவைத்தான் நான் முதலில் பார்த்தேன். ஓடுகிற ஓட்டத்தில் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, சாப்பிட்டீகளா?" என்று ஒரு கேள்வி. பதிலுக்கு நிற்க மாட்டார். மாலையில் வந்து, "காலைல கேட்டேனே, சாப்பிட்டீகளா இல்லையா?" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

மகள் மேல் உயிரையே வைத்திருந்தார் என்று எழுதினால் அது எல்லாத் தாய்க்கும் எழுதுகிற வரி. இவர் விஷயத்தில் அந்த வரி போதாது. மாரிச்செல்வி தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும். "எம் பிள்ளை படிச்சு, மருந்து வாசனை இல்லாத வேலைக்குப் போகணும் தம்பி. அம்புட்டுத்தான் எனக்கு வேணும்" என்பார். பட்டாசுக்குள் அடைக்கிற பொடியைத்தான் எங்கள் ஊரில் மருந்து என்போம்.

கம்பெனியிலிருந்து திரிக்கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து நறுக்கிக் கொடுப்பது அப்போது பல வீடுகளில் நடந்தது. கூடாதுதான். கூடாது என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியும், வாங்கியவர்களுக்கும் தெரியும். மாரிச்செல்வி பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். அம்மாவுக்கு ஒத்தாசையாக உட்கார்ந்து திரி நறுக்கிக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற வேளையில் கரண்ட் போனது. அவள் சிமினி விளக்கை ஏற்றத் தீக்குச்சியைக் கிழித்தாள். குச்சியின் தலை தெறித்துத் திரிக்கட்டில் விழுந்தது.

அக்காதான் சாக்கைப் போட்டு அமுக்கி நெருப்பை அணைத்தார். நாங்கள் ஓடிப்போனபோது புகை மட்டும் இருந்தது. மாரிச்செல்விக்கு வலது கை, தோள், கழுத்து, தாடைக்குக் கீழே ஒரு பக்கம் வெந்திருந்தது. காம்பவுண்டு முழுவதும் கூடிவிட்டது. ஒருவர் பேஸ்ட் என்றார், ஒருவர் மை என்றார், ஒருவர் தேங்காய் எண்ணெய் என்றார். "மாவு குளிர்ச்சி, மாவை அப்பு" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சாயங்காலம் ஆட்டி வைத்த இட்லி மாவு சட்டி நிறைய இருந்தது. அக்கா இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மகள் மேல் அப்பினார். "குளுகுளுன்னு இருக்கும்மா" என்று அந்தப் பிள்ளையும் சொன்னாள்.

அதே அடுப்பங்கரையில் இரண்டு குடம் தண்ணீர் நிறைந்து நின்றது. அதைத் தூக்கி ஊற்ற அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் நாலைந்து நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்தால் அது நல்ல வாரம். அரிசி களைந்ததை மாட்டுக்கும், முகம் கழுவியதைக் கருவேப்பிலைக்கும் ஊற்றி வளர்ந்தவர்கள் நாங்கள். நல்ல தண்ணீரைத் தரையில் கொட்ட எங்களுக்குக் கையே வராது. ஒரு சட்டி மாவு வீணானால் பரவாயில்லை, ஒரு குடம் தண்ணீர் வீணாகக் கூடாது.

ஆட்டோவில் நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மாவு காய்ந்து இறுகிவிட்டது. அதைக் கழுவி எடுத்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்று உள்ளே கொண்டுபோனார்கள். மாவோடு தோலும் வந்தது. மாரிச்செல்வி அலறியதை அக்கா கதவுக்கு வெளியே நின்று கேட்டார். முதலில் நெருப்புப் பட்டபோதுகூட அவள் அப்படிக் கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்த சிஸ்டர், "யாரும்மா மாவு போட்டது? தண்ணி ஊத்தியிருந்தா பாதி காயம் இருந்திருக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவளிடம் அந்த நேரத்தில் சொல்கிற பேச்சா அது? வெகுநாள் கழித்து இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவர் என்னைத்தான் கண்டித்தார். "அவுக சொல்லலைன்னா எனக்கு யாரு தம்பி சொல்லியிருப்பா? ஊரே நின்னுச்சு. ஒருத்தருக்கும் தெரியலையே."

அன்றைக்குப் பிறகு அவர் வீட்டில் மாவு ஆட்டியதில்லை. தீபாவளிக்குக்கூட இட்லி கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் இட்லி வைத்தால் இலையின் ஓரத்துக்கு நகர்த்திவிடுவார்.

மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்கள். புதுத் துணி பட்டால் காயம் உறுத்தும், துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிதான் தோதாக இருக்கும் என்பதை அக்கா அந்த வார்டில் இருந்து தெரிந்துகொண்டார். மகள் தேறி வீட்டுக்கு வந்த பிறகும் அவர் வார்டை விடவில்லை. வீடு வீடாகப் போய்ப் பழைய வேட்டி கேட்டு, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆளில்லாத நோயாளிகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவார். நான் புது வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தால் ஏற இறங்கப் பார்ப்பார். "நல்லா இருக்கு தம்பி. இது எப்ப பழசாகும்?" என்பார். எனக்குத் தெரிந்து என் வேட்டி எப்போது கிழியும் என்று ஆவலோடு காத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

குடம் வந்தது அதற்குப் பிறகு. ஒருநாள் அக்கா ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தை நிறைய நிரப்பி, கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டி, வாயை வெள்ளைத் துணியால் மூடி, நிலைப்படிக்கு உள்பக்கமாக வைத்தார். குடிக்க, சமைக்க, குளிக்க, எதற்கும் அதைத் தொடக்கூடாது. யாருக்காவது நெருப்புப் பட்டால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு மட்டும். தண்ணீர் வருகிற நாளில் பழைய தண்ணீரைக் கருவேப்பிலைக்கு ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைப்பார்.

தன் வீட்டோடு நிறுத்தியிருந்தால் அவர் சீனியம்மாள் இல்லை. காம்பவுண்டில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு குடம் வைக்கச் சொன்னார். பெண்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

"குடிக்கவே தண்ணி இல்ல, சும்மா ஒரு குடத்தை நிறைச்சு வைக்கச் சொல்றீகளேக்கா!"

"சும்மா நிக்கட்டும்த்தா. அது சும்மாவே நின்னா நமக்கு நல்லதுதானே?"

"அப்படி வந்தாத்தான் பாத்துக்குவோமே. வீட்ல தண்ணி இல்லாமயா இருக்கு?"

"என் வீட்லயுந்தான் இருந்துச்சு. ரெண்டு குடம் இருந்துச்சு. அதுக்குன்னு ஒரு குடம் கண்ணு முன்னால நின்னாத்தான் கை அதுக்குப் போகும் தாயி. இல்லாட்டி மாவுக்குத்தான் போகும்."

ஒவ்வொரு வீடாகக் குடம் வந்தது. அடுத்த தெருவுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை லீவில் அக்கா சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் பஸ் ஏறிவிடுவார். மரத்தடியிலோ ரேஷன் கடை வரிசையிலோ பெண்களைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்வார்: "நெருப்புப் பட்டா மொதல்ல தண்ணி. ஒரு செம்பு ஊத்திட்டு நிறுத்தாதீக. ஒரு உலை கொதிக்கிற நேரம் விடாம ஊத்துங்க. பெறகு நனைச்ச சுத்தமான பருத்தித் துணியைப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. மாவு, பேஸ்ட்டு, மை ஒண்ணும் வேண்டாம்." கடிகாரக் கணக்கை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், உலைக் கணக்கு எந்தப் பெண்ணுக்கும் மறக்காது என்பது அவருடைய எண்ணம். யார் பெயர் வைத்தார்களோ, அது 'சீனியம்மா குடம்' ஆகிவிட்டது. "ஏலே, சீனியம்மா குடத்துல கைய வைக்காத!" என்று தாய்மார் பிள்ளைகளை அதட்டுவதை நானே பல தெருக்களில் கேட்டிருக்கிறேன்.

அவரோடு வெளியே போனால் மானம் போகும். ஒரு ஆடிக் கடைசி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்களுக்குப் பக்கத்திலேயே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறார். ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "ஆத்தா சட்டிக்குப் பக்கத்துல தண்ணிக் குடமா? தெய்வக் குத்தம்மா!" என்று கத்தினார். அக்கா சிரித்துக்கொண்டே, "ஆத்தா நெருப்பு யாரையும் சுடாதுய்யா. எரியட்டும் எரியட்டும்னு சட்டியில எண்ணெய ஊத்துறாக பாருங்க, அந்த மனுச நெருப்புதான் சுடும். இது அதுக்கு" என்றார். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போய் நின்று, "அந்தக் கொடத்த அப்படியே கூடக் கொண்டாம்மா" என்று அவரே கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று மாரிச்செல்வியிடமே கேட்டேன். "எழுதுங்க மாமா. எழுதாட்டி அம்மாவை யாருக்கும் தெரியாது" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் அக்கா எங்கே பேசினாலும் தன் கதையைத்தான் சொல்வார். மாவை அப்பியதையும் சிஸ்டர் சொன்னதையும் சொல்லி அழுவார். ஒரு கிராமத்துக்கு மகளையும் கூட்டிப் போனார். அங்கே பெண்கள் அவ்வளவாகக் காது கொடுக்கவில்லை. அக்காவுக்கு ஆற்றாமை. பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பி மகளின் துப்பட்டாவை விலக்கி, "எம் பிள்ளை கழுத்தைப் பாருங்க" என்றார். கூட்டம் பார்த்தது. மாரிச்செல்வி துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று மாலை அவர்கள் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்டது.

"என் கழுத்தக் காட்டி ஊருக்குப் பாடம் நடத்தாதீக. நீங்க போற எடத்துக்கு இனிமே நான் வரமாட்டேன். என் கதையவும் சொல்லக்கூடாது."

"சொல்லல தாயி. இனிமே சொல்லல."

அதோடு சரி. அழுகையோ விளக்கமோ இல்லை. மகளிடம் கொடுத்த அந்த வாக்கை அக்கா ஊர்ப் பேச்சில் கடைசிவரை மீறவில்லை. ஆனால் கதை இல்லாமல் அவரால் பேசவும் முடியாது. அதற்கொரு வழி கண்டுபிடித்தார். அதன்பிறகு போகிற இடமெல்லாம், "எனக்குத் தெரிஞ்ச ஒரு கிறுக்கி இருந்தா" என்று ஆரம்பிப்பார். "ரெண்டு கொடம் தண்ணிய பக்கத்துல வச்சுக்கிட்டு, பெத்த பிள்ளை மேல மாவை அப்புனா அந்தக் கிறுக்கி." அந்தப் பிள்ளை யார், எந்த ஊர் என்று ஒரு சொல் வராது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கிறுக்கி யாரென்று தெரியும். தெரிந்தும் யாரும் கேட்டதில்லை. தன் தலையில் அத்தனை வசவையும் போட்டுக்கொண்டு மகளை மட்டும் அந்தக் கதையிலிருந்து பத்திரமாக வெளியே எடுத்துவிட்டார். என்னால் இதை நினைத்தால் இன்றைக்கும் சாதாரணமாக இருக்க முடியவில்லை.

மாரிச்செல்வி கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிற வேலைக்குப் போனாள். மருந்து வாசனை இல்லாத வேலை. மழையோ வெயிலோ கழுத்தைச் சுற்றிய பருத்தித் துப்பட்டா மட்டும் இறங்காது. பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்து முடிந்ததும் அக்கா மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் வந்து நின்றார். அங்கே கிறுக்கி கதையைச் சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டினார்.

"பிள்ளை கழுத்துல தழும்பு இருக்கு. அதை மறைச்சுக் கட்டிக்கொடுக்க மாட்டேன். திரியக் கொண்டாந்ததும் நான், மாவை அப்புனதும் இந்தக் கை. எம் பிள்ளை மேல ஒரு குத்தமும் கெடையாது. யோசிச்சு ஒரு வார்த்த சொல்லுங்க."

மாப்பிள்ளைப் பையன் யோசிக்கவில்லை. "எங்க வீட்லயும் உங்க கொடம் இருக்கு அத்த" என்றார். அந்த ஒரு சொல்லில் கல்யாணம் நிச்சயமானது. உள்ளறையில் மாரிச்செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அம்மாவும் மகளும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அடுத்த தெருவிலேயே குடியிருந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வருவாள், பண்டிகைக்குச் சேலை எடுத்துத் தருவாள். அக்கா குடத்தோடு கிளம்பினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

காலண்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "எல்லா அடுப்பங்கரையிலயும் ஒரு காலண்டர் தொங்குது தம்பி. தீபாவளித் தாளுல என் சேதிய அடிச்சு விடுங்களேன்" என்று என்னை அரித்தெடுத்தார். நான் முதலாளியிடம் கேட்டேன். "மங்கலமான நாள்ல தீக்காயம்னு போட்டா எவன்யா வாங்குவான்?" என்றார் அவர். மறுநாள் அக்காவே அச்சகத்துக்கு வந்துவிட்டார். "ஐயா, தீக்காயம்னு போட வேண்டாம். 'அருகில் ஒரு குடம் தண்ணீர்'னு மட்டும் போடுங்க. தண்ணி மங்கலந்தானே?" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அந்த வருடத்திலிருந்து எங்கள் காலண்டரில் தீபாவளித் தேதிக்குக் கீழே அந்த வரி வருகிறது.

கடைசியாக அவரோடு பேசியது குழாயடியில்தான். முன்போல நடக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. "நான் போயிட்டா இந்தக் கொடத்த யாரு தம்பி பாப்பா?" என்றார்.

"ஊரே பாக்கும்க்கா."

"எங்க பாக்கும்! ரெண்டு தடவ தண்ணி வராட்டி போதும், அந்தக் கொடத்துல இருந்து ரசம் வைக்க மொண்டுருவாக. பெறகு என்னிக்காச்சும் எவளாவது திரும்ப மாவை அப்புவா." குடத்தை வரிசையில் ஓரடி நகர்த்தி வைத்துவிட்டு, "செல்வி வந்தா நல்லா இருக்கும். ஆனா அது வராது. வரச் சொல்லவும் எனக்கு யோக்கியத இல்ல" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

உடலைக் குளிப்பாட்ட மேளத்தோடு போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதை எங்கள் பக்கம் நீர்மாலை என்போம். குழாயில் தண்ணீர் வராததால் அதற்கே வழியில்லை. ஒரு பெரியம்மா, "அதான் வீட்டுக்கு வீடு சீனியம்மா கொடம் நிக்குதே. அவளுக்கே எடுத்தா என்ன?" என்று ஒரு குடத்தின் மூடுதுணியை விலக்கினார்.

அழுதுகொண்டிருந்த மாரிச்செல்வி எழுந்து வந்தாள். "அதத் தொடாதீக பெரியம்மா" என்றாள். "எங்கம்மாவுக்கே ஆனாலும் தொடக்கூடாது." மூடுதுணியை அவளே திரும்பக் கட்டினாள். பிறகு தூரம் பார்க்காமல் மாரியம்மன் கோயில் ஆழ்குழாய்வரை போய் நீர்மாலை எடுத்து வந்தார்கள்.

தன்னை வேட்டுப் போட்டு அனுப்ப வேண்டும் என்பது அக்காவின் ஆசை. "நான் பின்னுன சரம் எம்புட்டுக் கல்யாணத்துல வெடிச்சிருக்கும்! ஒண்ணையாச்சும் நின்னு பாத்தேனா?" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவரோடு கம்பெனியில் வேலை பார்த்த பெண்களே சரம் பின்னிக் கொண்டுவந்திருந்தார்கள். இராகு காலத்துக்கு முன்னால் சுடுகாடு போய்ச் சேர வேண்டும் என்று என்னிடம் நேரம் கேட்டுப் பெரியவர்கள் பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் வழக்கம்போலத் தெருமுனை வரை வந்தார்கள். முன்னால் மாடசாமி அண்ணன் வேட்டுப் போட்டுக்கொண்டு போனார். எங்கள் தெருச் சாவுகளில் எப்போதும் அவர்தான் வேட்டுப் போடுவார், பழகிய கை. ஆனாலும் அவர் கண்ணிலும் அன்று தண்ணீர். சரம் அறுந்து திரும்பி அவர் கால்மாட்டிலேயே விழுந்து வெடித்தது. அண்ணன் அலறிக்கொண்டு உட்கார்ந்தார்.

"தண்ணி! தண்ணி!" என்று தெருவே கத்தியது. அடுத்த நொடி தெருவின் இரண்டு பக்கமும் இருந்த வீடுகளிலிருந்து பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். பச்சை, நீலம், மஞ்சள், ஈயக் குடம், எவர்சில்வர் குடம், எல்லாவற்றின் கழுத்திலும் சிவப்புத் துணி. கடைசியாகக் குழாயில் வந்த தண்ணீர் அது. அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருத்திகூடத் தயங்கவில்லை.

மாரிச்செல்விதான் முதல் குடத்தை வாங்கினாள். அண்ணனின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு செம்பால் மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். அதற்குள் வெளியூரிலிருந்து துக்கத்துக்கு வந்திருந்த ஓர் அம்மா ஏதோ ஒரு வீட்டுக்குள் போய் பேஸ்ட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "வெறுந் தண்ணிய ஊத்துனா கொப்புளமாயிரும். இதத் தடவு தாயி, குளுகுளுன்னு இருக்கும்!"

"வேண்டாம் அத்த."

"நான் சொல்றதக் கேளு, எனக்குத் தெரியாதா?"

மாரிச்செல்வி நிமிர்ந்தாள். செம்பைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கழுத்திலிருந்த துப்பட்டாவைத் தானே அவிழ்த்தாள். தாடைக்குக் கீழே இருந்து தோள் வரை இழுத்துச் சுருங்கிய அந்தத் தழும்பை ஊர் முதல்முறையாக முழுதாகப் பார்த்தது.

"எனக்கும் குளுகுளுன்னுதான் இருந்துச்சு அத்த. எங்கம்மா மாவை அப்புனாக. அந்தக் கிறுக்கி எங்கம்மாதான்" என்றாள். பாடையைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு கொடம் தண்ணி பக்கத்துல இருந்துச்சு. எங்கம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கல. உங்களுக்கு நான் சொல்றேன். ஊத்துங்க."

பேஸ்ட் கொண்டுவந்த அம்மா அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு குடத்தைத் தூக்கினார்.

நடுத்தெருவில் பாடை நின்றது. மேளம் நின்றது. செம்பிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பெரியவர் என் காதருகே வந்து, "தம்பி, நேரம் தாண்டலையே?" என்றார். தாண்டிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் இராகு காலத்தில் ஒரு பிழையைக்கூட விட்டுவைக்காதவன் நான். "இல்லய்யா, நேரம் நல்லா இருக்கு" என்றேன். அக்காவுக்கு அதைவிட நல்ல நேரம் எந்தக் காலண்டரிலும் கிடையாது.

ஒரு உலை கொதிக்கிற நேரம் விடாமல் ஊற்றினாள். பிறகு அந்தத் துப்பட்டாவையே நனைத்து மாடசாமி அண்ணனின் காலைப் போர்த்தி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். பாடை மறுபடி நகர்ந்தது. தெருமுனையில் ஈரச் சேலையோடு, திறந்த கழுத்தோடு, காலிக் குடங்களுக்கு நடுவில் அவள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் வளைவில் திரும்புகிறவரை எனக்கு அவள் தெரிந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. நான் போனபோது வரிசையில் முதலில் மாரிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். சமையலுக்கான குடங்களை ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவின் பச்சைக் குடத்தைத்தான் முதலில் பிடித்தாள். பிடித்து இறக்கி வைத்துவிட்டு, "என்ன மாமா, உங்க வீட்டுக் கொடம் நெறஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

போய் வாருங்கள், அக்கா. அந்தக் குடத்திலிருந்து ரசம் வைக்க இனி யாரும் தண்ணீர் மொள்ள முடியாது. மொண்டால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.